தேதி குறித்துக் கொடுத்த பிறகும்

மதிப்பிற்குரிய கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கருணாபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சாராயச் சாவு பற்றிய இன்னொரு மனு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். கல்வராயன் மலையில் என்னை நர்சம்மா என்பார்கள். பிள்ளைப்பேறு பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் 2024 ஜூனில் தொடங்காமல் எங்கள் தெருக்காரர்களால் எதையும் பேச முடிவதில்லை.

மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை ஏற்றிக்கொண்டு அந்த ஜூனில் 108 வண்டிகள் ஓயாமல் ஓடின. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆட்களை அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. ஆனால் வண்டி வந்தது, டாக்டர் வந்தார், அமைச்சர்களும் வந்தார்கள். சொல்லாமல் வந்த சாவுக்கு இவ்வளவும் திரண்டதைக் கண்ணால் பார்த்தேன். பிரசவமோ ஏழெட்டு மாதம் முன்னாலேயே தேதி சொல்லிவிடுகிறது. அந்தத் தேதியைக் கர்ப்பிணி அட்டையில் எழுதிக் கொடுப்பதே செவிலியர்களான நாங்கள்தான்.

மலையில் வேலை பார்த்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) எட்டுப் புள்ளிதான். கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகளில் பாதி கடுகு டப்பாவில் அப்படியே கிடந்தது. மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் போகும் என்று மாமியார் சொல்லியிருந்தார். பேசிப் பேசி, நாள் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவ காத்திருப்பு அறைக்குக் கூட்டிவந்து சேர்த்தேன். கட்டில், மின்விசிறி, வேளைக்குச் சாப்பாடு எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கட்டில் காலி. மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. அதை யாரிடம் விடுவது? ஆட்டை யார் மேய்ப்பது? துணைக்கு வந்த மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து பன்னும் டீயுமாக இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். அவருக்கு அங்கே யாரும் சாப்பாடு போடவில்லை.

நான்காம் நாள் ராத்திரி வலி எடுத்தது. செல்போனுக்கு டவர் கிடைக்க ஒருவர் பாறைமேல் ஏறி நின்று பேச வேண்டியிருந்தது. பாதி வழி தொட்டில் கட்டித் தூக்கிவந்து, ஜீப்பில் ஏற்றி, வளைவுப் பாதையில் பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. செல்போன் வெளிச்சத்தில் அவள் சேலையும் என் முழங்கையும் நனைந்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. பிள்ளை பெற்றபின் நிற்காமல் ரத்தம் போனால், நல்ல திடமான பெண்ணே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எட்டுப் புள்ளிக்காரிக்கு அவ்வளவு அவகாசம்கூட இல்லை. அவள் பிழைத்தது என் சாமர்த்தியம் இல்லை. அன்றைக்கு மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். அவள் எதற்காக ஓடிப்போனாளோ அந்த ஆட்டை ஆஸ்பத்திரி போக்குவரத்துச் செலவுக்கு அடுத்த மாதமே விற்றார்கள்.

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்பதை நான் மறுக்கவில்லை. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு நாடு முழுக்க 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. அந்தப் பெருமையில் எங்கள் கால்வலிக்கும் பங்கு உண்டு. மிச்சமிருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாலை பிந்தி வந்தது, ஆஸ்பத்திரி அதற்கும் பிந்தி வந்தது.

மலைக்காரர்கள் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் கேரளா, குடகு என்று குடும்பமாகப் போகிறார்கள். வயிற்றுப் பிள்ளையும் கூடப் போகிறது, அட்டை மட்டும் குடிசையில் கிடக்கிறது. ஊசி, ஸ்கேன் எல்லாம் தவறி எட்டாம் மாதம் திரும்பி வருபவளை நாங்கள் ‘விடுபட்டவர்’ என்று எழுதி வைப்போம். என்ன சொல்லோ! அவளா விட்டாள்?

இன்னொன்று, வெளியில் பேச எல்லாரும் தயங்குவது. பதினாறு பதினேழு வயதில் உண்டாகும் பெண்கள். பதிவு செய்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும், கட்டியவன் உள்ளே போவான் என்று பயந்து வயிற்றை மறைக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் வயது 19 ஆகியிருக்க வேண்டும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கத் தெருத்தெருவாக அலைந்தவள்தான் நானும். ஆனால் எந்த வயிற்றுக்கு ஆபத்து அதிகமோ அதுவே எங்கள் நோட்டில் ஏறாமல் போகிறது. வழக்கு வேறு, வைத்தியம் வேறு என்று அந்த வீடுகளில் போய் உட்கார்ந்து சொல்லப் பெண்கள் வேண்டும். காக்கிச் சட்டை வாசலில் நின்றால் கதவு திறக்காது.

ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை உங்கள் தலைமையில் ஆய்வு செய்கிறார்கள். நானும் ஒருமுறை நின்று பதில் சொல்லியிருக்கிறேன். எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்கு வண்டி என்று நிமிடக் கணக்காகக் கேட்டார்கள். நல்ல கேள்விகள். அதே கேள்விகளை அவள் உயிரோடு இருக்கும்போது கேளுங்கள் என்றுதான் இந்த மடல். அடுத்த முப்பது நாளில் பேறுகாலம் உள்ள மலைப் பெண்களின் பட்டியல் மாதா மாதம் உங்கள் மேசைக்கு வரட்டும். ரத்தம் எத்தனை, பிரஷர் எவ்வளவு, மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள், எந்த ஜீப் வரும் என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதியிருக்கட்டும். காத்திருப்பு அறையில் மூத்த பிள்ளைக்கும் ஒரு பாய் விரியுங்கள். துணைக்கு வருபவருக்குச் சாப்பாடும், அவர் இழக்கும் நாள்கூலியில் கொஞ்சமும் கொடுங்கள்.

கருணாபுரத்தையும் விட்டுவிட வேண்டாம். அந்த ஜூனில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் என்று அரசு கொடுத்தது. சம்பாதிக்கும் ஆள் போன வீட்டில் உண்டாகியிருக்கும் பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க அந்தக் கணக்கில் வழி இல்லை. அங்கன்வாடி சத்துமாவை நாலாகப் பங்கு போட்டுத் தின்னும் வீடுகளை எனக்குத் தெரியும்.

ஜீப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ராத்திரி எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் வரும் ஓட்டுநர்கள் மலையில் இருக்கிறார்கள். எந்த ஊரில் யார் என்று நானே எழுதித் தருகிறேன். டீசல் காசைப் பாக்கி வைக்காமல் கொடுக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கருணாபுரம், கள்ளக்குறிச்சி