வீட்டுக் கணினிக்கு யார் காவல்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் மூப்படைந்தன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மாதந்தோறும் வழங்கி வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அன்றோடு நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. பெருநகர நிறுவனங்கள் இதற்கு ஆயத்தமாக இருந்தன. புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களின் வீட்டுக் கணினிகளுக்காக ஆயத்தமாக எவரும் இல்லை.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களைச் சென்றடைந்தன. ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் திருமயத்திலும் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி. அதைப் பெற்ற மாணவர் படித்து முடித்துச் சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டார். கணினி வீட்டில் தங்கிவிட்டது. தந்தை அதில் பட்டா, சிட்டா பார்க்கிறார். தங்கை அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார். வங்கிக் கணக்கும் அதிலேயே திறக்கப்படுகிறது. அது மெதுவாக இயங்கத் தொடங்கினால் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஒரு ஆன்ட்டிவைரஸ் வாங்கிப் போடுங்கள்." எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும், இந்தக் கேள்வியில் தொழில்நுட்பத்தைவிடப் பொருளாதாரமே மிகுதி என்பது என் கருத்து.

1970-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார்களின் சந்தையை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காமல், மட்டமான பொருளே சந்தையில் மிஞ்சும் என்பது அவரது வாதம். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையாக அமைந்ததும் இந்த ஆய்வே.

வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிலை பழைய காரைவிடச் சிக்கலானது. காரை ஒரு மாதம் ஓட்டினால் அதன் குறை தெரிந்துவிடும். இந்த மென்பொருளை ஓராண்டு பயன்படுத்திய பிறகும் அது நம்மைக் காத்ததா, அல்லது தாக்குதலே வரவில்லையா என்று நம்மால் சொல்ல இயலாது. தரத்தை அளக்க முடியாத இடத்தில் அச்சமே விற்பனைக் கருவியாகிறது. "உங்கள் கணினியில் 37 வைரஸ்கள் உள்ளன" என்று திரையில் சிவப்பு எழுத்தில் மிரட்டும் விளம்பரங்கள் இப்படிப் பிறந்தவையே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திப் போலி மருந்தை விற்பதும், எளிதில் விலக முடியாத சந்தாவில் சிக்கவைப்பதும் அப்பட்டியலில் உள்ளன. முதலாண்டுக்குச் சலுகை விலை காட்டி, மறு ஆண்டு முழு விலையை வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தருமுன் நாம் இருமுறை சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் இலவசமாகக் கிடைப்பதைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பொருளாதாரத்தில் இலவசம் என்பது, விலையை வேறு எங்கோ, வேறு எவரோ செலுத்துகிறார் என்பதன் மறுபெயர். உலகப் புகழ்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் பயனாளர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தனர் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என அறிவித்தது. உளவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொன்ன காவலாளியே வீட்டு நடமாட்டத்தைக் குறிப்பெடுத்து விற்ற கதை அது.

கட்டணம் பெறும் காவலாளியிடமும் எல்லா அறைகளின் சாவியும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. ரஷியாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் மென்பொருளுக்கு 2024 ஜூனில் அமெரிக்கா தடை விதித்தது. அதையடுத்து அங்குள்ள பயனாளர்கள் பலரின் கணினிகளில் அது தானாகவே நீங்கி, அவர்கள் கேள்விப்பட்டிராத வேறொரு மென்பொருள் குடியேறியது. அதே ஆண்டு ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டு தரப்பட்டது.

இவற்றைக் கொண்டு பாதுகாப்பு மென்பொருளே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. காவலாளியைத் தேடுமுன் கதவைச் சரிபார்க்க வேண்டும் என்பதே இவற்றின் பாடம். 2017 மே 12-இல் பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பிணைத்தொகைத் தாக்குதல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரு மாதங்களுக்கு முன்னரே, அதாவது மார்ச் 14-இல், வெளியிட்டிருந்தது. அதை உரிய காலத்தில் நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியே அது புக முடியவில்லை.

விண்டோஸ் 8 தொடங்கி இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் என்ற தடுப்பு மென்பொருள், தொடக்க காலத்தில் எள்ளலுக்கு உள்ளானது. இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனை அமைப்புகளின் தேர்வுகளில் அது கட்டண மென்பொருள்களுக்கு இணையாக நிற்கிறது. தனிக் கட்டணமும் இல்லை. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும். பலரும் தரும் பென் டிரைவ்களை நாள்தோறும் செருகும் ஜெராக்ஸ் கடைகளும், வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிறு வணிகர்களும் கட்டண மென்பொருளை நாடுவதில் நியாயம் உண்டு. சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன. எதை வாங்கினாலும், விளம்பரத்தை நம்பாமல் மேற்சொன்ன சோதனை முடிவுகளைப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு கணினியில் இரண்டை ஒருசேர இயக்குவதும், திருட்டுப் பதிப்பை நிறுவுவதும் தீங்கையே தரும். திருட்டுப் பதிப்பு பல வேளைகளில் வைரஸின் வாகனமாகவே வருகிறது.

விண்டோஸ் 10 விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை தொடரும் என மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. ஆனால், இயங்குதளத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அதனால் அடைபடா. அவற்றுக்கென 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிப்பவர்கள் அதைக் கட்டணமின்றிப் பெற வழி செய்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், 2018-க்கு முந்தைய பெரும்பாலான கணினிகள் அதற்குத் தகுதி பெறா. இத்தகைய கணினிக்குப் புதிய ஆன்ட்டிவைரஸ் வாங்குவது, சுவர் இடிந்த வீட்டுக்கு விலையுயர்ந்த பூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். அந்தப் பணத்தை, கோப்புகளைப் படியெடுத்து வைக்க ஒரு வெளிவட்டுக்குச் செலவிட்டு, கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது மேல். மாற இயலாதவர்கள், வங்கிப் பரிமாற்றத்தையேனும் அதில் தவிர்க்க வேண்டும்.

இதில் அரசுக்கும் பொறுப்பு இருக்கிறது. வைரஸ் புகுந்த கணினி தன் உரிமையாளரை மட்டும் பாதிப்பதில்லை; அவர் அறியாமலேயே பிறரைத் தாக்கும் படையில் சேர்ந்துவிடுகிறது. தேங்கிய நீரில் உருவாகும் கொசு அடுத்த வீட்டாரையும் கடிப்பதைப் போன்றது இது. இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். புறவிளைவு உள்ள இடத்தில் தனிமனிதரின் பணப்பையிடம் மட்டுமே பொறுப்பை விட்டுவிட முடியாது. 2017 பிப்ரவரி 21-இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், தீநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகவே வழங்குகிறது. ஆனால், அப்படியொன்று இருப்பதை நம் கிராமங்களில் எத்தனை பேர் அறிவர்?

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்கள் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறத் தமிழக அரசு வழிகாட்டியது. அலுவலகக் கணினிக்குக் காட்டிய அந்த அக்கறையை, அரசே வழங்கிய வீட்டுக் கணினிகளுக்கும் காட்ட வேண்டும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வெளியானது. ஒவ்வொரு கருவியும் எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பெறும் என்பதை அதன்மீது தமிழில் அச்சிட்டுத் தருவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மருந்துக்குக் காலாவதித் தேதி இருக்கும்போது கணினிக்கு ஏன் கூடாது?

எந்த மென்பொருளாலும் அடைக்க முடியாத ஒரு வாயிலும் உண்டு. 2024-இல் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்த தொகை ரூ.22,845 கோடி என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2023-இல் அது ரூ.7,465 கோடி. டிஜிட்டல் கைது என்ற மிரட்டலும், முதலீட்டு ஆசையும், ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கும் இனிய குரலும் தாக்குவது கணினியை அன்று, மனிதரை. பணம் பறிபோனதும் 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் மீட்க வாய்ப்புண்டு என்ற ஒரு செய்தி, பல ஆன்ட்டிவைரஸ்களைவிட மதிப்புடையது.

1990-களின் தொடக்கத்தில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அன்று கைநாட்டு வைப்பவரை ஏமாற்றுவது எளிதாக இருந்தது. இன்று "ஏற்கிறேன்" என்ற பொத்தானைப் படிக்காமல் அழுத்துபவரை ஏமாற்றுவது எளிதாக இருக்கிறது. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊருக்கு ஒரு நாள் சென்று, பழைய கணினிகளைச் சோதித்துப் புதுப்பித்துக் கொடுத்து, 1930-ஐயும் சொல்லிவிட்டு வரலாம். அதற்குப் புதிய துறையோ பெரும் நிதியோ தேவையில்லை. எழுத்தறிவைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்ற மாவட்டம் இதையும் தொடங்கி வைக்கட்டும்.