நாலு பொத்தானுக்கு ஏன் நாலு மாதம்?



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு ஹாஜியார் கையைப் பிடித்தார். "என்ன சேர், உங்கட புள்ள செய்யிற சந்தா புரோகிராம் இன்னும் முடியலியா? நாலு பொத்தானும் ரெண்டு பெட்டியும்தானே, அதுக்கு நாலு மாசமா? வெளியால குடுத்திருந்தா ரெண்டு கிழமையில முடிச்சித் தந்திருப்பானுகள்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் கேட்டது என்ன? பள்ளிவாசல் அலுவலகத்தில் விண்டோஸ் கொம்பியூட்டர். பொருளாளரிடம் லினக்ஸ் போட்ட பழைய லெப்டொப். வீடு வீடாகச் சந்தா எடுப்பவர் கையில் அண்ட்ரொய்ட் போன். மூன்றிலும் ஒரே புரோகிராம், ஒரே மாதிரித் தெரிய வேண்டும். அந்த "மூன்றிலும் ஒரே மாதிரி" என்ற மூன்று சொல்லில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

நம் வீடுகளில் வட்டப் பின் பிளக்கும் இருக்கிறது, சதுரப் பின் பிளக்கும் இருக்கிறது. அதனால் மல்டி பிளக் இல்லாத வீடு இல்லை. கொம்பியூட்டர் திரையில் தெரியும் பொத்தானும் அப்படித்தான். விண்டோஸுக்கு ஒரு பொத்தான், அண்ட்ரொய்டுக்கு வேறொன்று, அப்பிள் மெக்குக்கு இன்னொன்று. லினக்ஸில் ஒன்றுக்கு மேல். ஒருமுறை எழுதினால் எல்லாவற்றிலும் பொருந்தும்படி நடுவில் நிற்கும் மல்டி பிளக்கைத்தான் லைப்ரரி என்கிறார்கள். அதைச் செய்ய இரண்டு வழி. அந்தந்த இயங்குதளத்தின் பொத்தானையே இரவல் வாங்கலாம். அல்லது வெறும் கோடும் நிறமும் கொண்டு நாமே வரைந்துகொள்ளலாம்.

உலகத்தின் பெரிய கம்பனிகளே இதில் தடுமாறியிருக்கின்றன. ஜாவா மொழியை சன் நிறுவனம் 1995இல் அறிமுகம் செய்தது. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பதுதான் அவர்களின் விளம்பரம். அதில் முதலில் வந்த ஏடபிள்யூரி இரவல் வாங்கும் வழியில் போனது. எல்லாத் தளத்துக்கும் பொதுவான உருப்படிகள் மட்டுமே அதில் கிடைத்தன. அவையும் ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டன. 1998இல் ஸ்விங் என்று இன்னொன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தாங்களே வரைந்தார்கள். அது எந்தக் கொம்பியூட்டரில் போட்டாலும் வெளியூர்க்காரன் போலவே தெரிந்தது. "சரி", "ரத்து" பொத்தான்களின் வரிசையே விண்டோஸில் ஒரு மாதிரி, மெக்கில் அதற்கு நேர்மாறு. எந்தப் பக்கம் வைத்தாலும் யாரோ ஒருவர் பழக்கத்தில் தவறானதைத்தான் அமுக்குவார். இலெக்ட்ரன் என்று மூன்றாவது ஒரு வழியும் உண்டு, ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் ஒரு முழு பிரவுசரையே அடைத்து அனுப்புவது. ஒரு வரி காட்டும் புரோகிராமும் நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். நம் அலுவலகக் கொம்பியூட்டர் அதைச் சுமக்காது.

இனி நம் பிள்ளையின் கதை. உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் பைதன் படிப்பிக்கிறோம். பைதனோடு ரிகின்டர் என்ற எளிய லைப்ரரி சேர்ந்தே வருகிறது. அவன் அதில்தான் தொடங்கினான். விண்டோஸில் நன்றாக ஓடியது. லினக்ஸில் போட்டதும் "செய்னம்பு" என்ற பெயர் உடைந்தது. கொம்பு 'ச'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய், அடுத்த எழுத்தான 'ய'வோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே சேமிக்கும்போது 'ச' முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது அதை முன்னால் தூக்கி வைக்க ஒரு தனி வேலை நடக்க வேண்டும். லினக்ஸில் அந்த லைப்ரரி அந்த வேலையைச் செய்வதில்லை. அண்ட்ரொய்டில் ரிகின்டரை ஓட்டுவதும் நேரடியாக நடக்கிற காரியமில்லை.

சரி, நானே சின்னதாக ஒன்று எழுதுகிறேன் என்று இறங்கினான். ஒரு பொத்தான், ஒரு எழுத்துப் பெட்டி, ஒரு பட்டியல். நானும் தலையாட்டினேன். பொத்தான் இரண்டு நாளில் முடிந்தது. எழுத்துப் பெட்டி இரண்டு மாதத்தைத் தின்றது.

ஒரு வெறும் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. "கொ" என்று எழுதிவிட்டு ஒருமுறை அழித்தால் என்ன போக வேண்டும், கொம்பும் காலும் மட்டுமா, முழு எழுத்துமா? கர்சர் எங்கே நிற்க வேண்டும்? ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் கீபோர்டில், மாறி முடியாத பாதிச் சொல்லை எங்கே காட்டுவது? போனில் கீபோர்ட் மேலே வந்து பெட்டியையே மூடினால்? பெயரை அரபியிலும் போட வேண்டும் என்றார் மௌலவி. அரபியில் ஒரே மீம் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அதோடு வலமிருந்து இடம். தமிழும் அரபியும் ஒரே வரியில் வந்தால் கர்சர் குதிக்கும் குதியைப் பார்க்க வேண்டும்! பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் பட்டியலுக்குச் சிங்களமும் வேண்டும், அதில் கூட்டெழுத்துகள். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவனுக்கு இதில் பாதி வராது. "எளிய லைப்ரரி" என்று பெயர் வாங்கிய பல, ஆங்கிலக்காரனுக்கு எளிதானவைதான். டியர் இம்குய் என்று ஒன்று விளையாட்டு எழுதுபவர்களிடையே பிரபலம், அதில் இன்றும் நம் எழுத்துகளை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும் வசதி இல்லை.

இதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. எங்கள் மஹல்லாவில் பார்வை குறைந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டோக்பெக்கைக் கொண்டுதான் போன் பாவிக்கிறார். பிள்ளையின் புரோகிராமை அவரிடம் கொடுத்தோம். போன் ஊமையாக இருந்தது. நாமே வரைந்த பொத்தான் போனுக்கு வெறும் படம். இது பொத்தான், இதில் இன்ன பெயர் இருக்கிறது என்று தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை அவனும் யோசிக்கவில்லை, படிப்பித்த நானும் யோசிக்கவில்லை.

ஆகவே தாமதத்தில் என் பங்கு பெரியது. பள்ளிவாசல் கணக்குக்குச் சொந்த லைப்ரரி எழுத விட்டிருக்கக் கூடாது. அதை முதல் மாதமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது ஃபிளட்டருக்கு மாறியிருக்கிறோம். அதுவும் தானே வரையும் வகைதான். ஆனால் தமிழ், அரபி, சிங்கள எழுத்துச் சேர்க்கையும் திரை வாசிப்பானுக்கான வழியும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன, விண்டோஸ், லினக்ஸ், அண்ட்ரொய்ட் மூன்றிலும் ஓடும். இரண்டு திரை முடிந்துவிட்டது.

அதற்காக அந்த நாலு மாதம் வீண் என்று என் சக ஆசிரியர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பரீட்சைக்கு வராத வேலை என்கிறார்கள். "செய்னம்பு" ஏன் உடைந்தது என்று தேடிப்போய்க் காரணத்தைக் கண்டுபிடித்த பிள்ளை அவன். வெளியில் கொடுத்திருந்தால் இரண்டு கிழமையில் வந்திருக்கும், உண்மைதான். அதில் அந்தப் பெயர் எப்படித் தெரியும், அந்த ஆசிரியர் அதைப் பாவிக்க முடியுமா என்று நம்மில் யாரும் கேட்டிருக்கமாட்டோம்.

ஹாஜியார் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு முன்னால் சிரித்ததுதான் கஷ்டமாக இருந்தது. எதிர்வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் முடிந்த இரண்டு திரையையும் காட்டுவான். வந்து பாருங்கள், உங்கள் வீட்டுப் பெயர்களை நீங்களே அடித்துப் பாருங்கள், உடைந்தால் அங்கேயே சொல்லுங்கள். பழைய அண்ட்ரொய்ட் போன் லாச்சிக்குள் சும்மா கிடந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். திரை வெடித்திருந்தாலும் பரவாயில்லை, தொட்டால் வேலை செய்தால் போதும்.