வரி குறைந்தது, ஓவியரின் பங்கு எங்கே?

ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகியவற்றின் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 3 அன்று கவுன்சில் எடுத்த முடிவு அந்த மாதம் 22ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. இதை முழுமனதோடு வரவேற்கிறோம். பில் போட்டு விற்கத் தயங்கியவர்களுக்கு இனிச் சாக்கு இல்லை. பில் பெருகினால் ஒரு படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தடமும் சேரும். போலிகளோடு மல்லுக்கட்டும் நமக்கு அதன் அருமை தெரியும்.

இந்த இதழ் தொடர்ந்து கேட்டுவரும் கேள்வியை இப்போது இன்னும் உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. பதிவு பெற்ற வணிகர் வழியாக ஒரு படம் மறுபடி கைமாறும்போது அரசுக்கு வரி போகிறது, ஏல நிறுவனத்துக்கு இரு பக்கமும் கட்டணம் போகிறது, விற்றவருக்கு லாபம் போகிறது. வரைந்தவருக்கு எதுவும் போவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு மறுவிற்பனை விலையில் அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் பங்கு உண்டு என்று தெளிவாகச் சொல்லியும் இதுதான் நிலை.

இதன் பொருள் புரிய ஓவியர் பிகாஷ் பட்டாச்சார்ஜியை நினைத்துப் பாருங்கள். 1940இல் கல்கத்தாவில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். 1963இல் ஓவியப் படிப்பை முடித்து, மறு ஆண்டே சொசைட்டி ஆஃப் கன்டெம்பரரி ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவில் சேர்ந்தார். பலரும் உருவத்தைக் கலைத்துக்கொண்டிருந்த காலத்தில், வடகல்கத்தாவின் காரை பெயர்ந்த சுவர்களையும் மொட்டைமாடிகளையும் எண்ணெய் வண்ணத்தில் அச்சு அசலாக வரைந்தார். அந்த அசலுக்குள் இருக்கக்கூடாத ஒன்றை வைத்தார். நக்சல்பாரி கிளர்ச்சி நாட்களில் தெருவில் ரத்தம் சிந்தியபோது அவர் படங்களில் பொம்மைகள் வந்தன. ஆளற்ற இடத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் பொம்மை, பிணத்தை வரைந்திருந்தால் கிடைக்காத திகிலைத் தந்தது. துர்கை வரிசையில் அன்றாடம் நாம் கடந்துபோகும் சாதாரணப் பெண்ணின் நெற்றியில் மூன்றாவது கண் திறந்தது. இந்தியச் சர்ரியலிசத்தில் ஊரும் காலமும் இவ்வளவு துல்லியமாகப் பதிந்த படங்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து. 1982 வரை அரசுக் கலைக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1988இல் பத்மஸ்ரீ வந்தது.

2000இல் பக்கவாதம் அவரை முடக்கியது. மீண்டும் தூரிகை பிடிக்காமலே 2006 டிசம்பர் 18 அன்று காலமானார். இந்திய ஓவியச் சந்தை எகிறியது அந்த ஆறு ஆண்டுகளில்தான். 2002இல் ஓவியர் தையப் மேத்தாவின் ‘செலிப்ரேஷன்’ சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனது. 2005இல் அவருடைய ‘மகிஷாசுரா’ நியூயார்க் ஏலத்தில் 15 லட்சம் டாலரைத் தாண்டியது. கை ஓய்ந்துபோன ஒரு ஓவியர் இந்த ஏற்றத்தில் பங்கு பெற ஒரே வழி, முன்பே விற்ற படங்களின் மறுவிற்பனை. 1995 மே மாதம் முதல் சட்டப் புத்தகத்தில் அந்த வழி இருக்கிறது. விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் பங்கு உண்டு, பங்கின் உச்சவரம்பு 10 விழுக்காடு. எவ்வளவு, யார் வசூலிப்பது, யார் வழியாகக் கொடுப்பது என்பதை மட்டும் எவரும் முடிவு செய்யவில்லை.

விகிதத்தை நிர்ணயிக்க வேண்டியது பதிப்புரிமை வாரியம். அது நிர்ணயிக்கவில்லை. 2017இல் அதன் வேலையை அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திடம் கொடுத்தார்கள். 2021இல் அந்த வாரியத்தையே கலைத்து, பொறுப்பை நீதிமன்றத்தின் தலையில் ஏற்றினார்கள். நீதிமன்றம் தன் முன் வரும் வழக்கைத் தீர்க்கும்; நாட்டில் உள்ள எல்லா ஓவியர்களுக்குமாக ஒரு விகிதப் பட்டியலைத் தானாக எழுதாது. தன் பங்கைக் கேட்க ஓவியர் ஒவ்வொரு விற்பனைக்கும் வக்கீல் வைக்க வேண்டுமா? அந்த விற்பனை நடந்ததே அவருக்கு எப்படித் தெரியும்? வரி விகிதத்தை மாற்ற அரசுக்கு 19 நாள் போதுமாக இருந்தது. ஓவியரின் விகிதத்துக்கு 30 ஆண்டு போதவில்லை. இதை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும். பிரான்ஸ் 1920இலேயே இந்த உரிமையைக் கொடுத்தது. பிரிட்டன் 2006இல் கொடுத்தது. ஆஸ்திரேலியா 2010 முதல் 5 விழுக்காடு வாங்கித் தருகிறது.

தாமதத்தின் விலையை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கனவு மாளிகைகளையும் பாம்புகளையும் பேனா மையில் வரைந்த கே. ராமானுஜம் 1973இல் தன் 33 வயதுக்குள் போய்விட்டார். பதிப்புரிமை இறப்புக்குப் பின் 60 ஆண்டு. அவர் படங்களுக்கு அது 2033 முடிவோடு தீர்கிறது. மறுவிற்பனைப் பங்கும் அதோடு தீரும். பிகாஷுக்கு 2066 வரை இருக்கிறது. விகிதமே இல்லாமல் அந்த ஆண்டுகளும் கரைந்துகொண்டிருக்கின்றன.

மத்திய அரசு 5 விழுக்காடு என்றாவது ஒரு விகிதத்தை உடனே அறிவிக்க வேண்டும். ஏல நிறுவனங்களே பிடித்துக் கட்டும்படி செய்ய வேண்டும். அதுவரை ஓவியர்கள் ஒன்று செய்யலாம். முதல் விற்பனை பில்லிலேயே மறுவிற்பனைப் பங்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் வாங்கி வரையும் உருவப்படங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவற்றின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே, ஆகவே 53ஏ உங்களுக்குப் பயன்படாது. கேலரி நடத்துகிறவர்களே, வரிக்குறைப்பால் உங்கள் விற்பனை கூடினால், மறுவிற்பனைப் பங்கைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பில்லில் சேர்க்க மறுக்காதீர்கள்.