குளிகையும் லயத்து அறையும்

கொரோனாக் காலத்திலிருந்து, விற்றமின் டி குளிகை உண்டால் நோய் அண்டாது என்னும் பேச்சு பதுளை நகரத்துக் கந்தோர்களிலிருந்து பசறை, மடுல்சீமைத் தோட்டங்கள் வரை பரவியிருக்கிறது. நாட்கூலியில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்குமுன், அது உடலில் செய்வது யாதெனத் தொழிலாளி அறிதல் அவசியம்.

வெயில் படும்போது நம் தோலிலேயே இவ்விற்றமின் உண்டாகிறது. குளிகையாய் விழுங்கினாலும் வழி ஒன்றே: ஈரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொன்றும் பெற்ற பின்னர், உணவிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்க்கும். அது குன்றினால் குழந்தையின் காலெலும்பு வளையும். காவல் அணுக்களுக்கும் இது துணை. சயரோகக் கிருமியை எதிர்கொண்ட அணு இவ்விற்றமினைக் கொண்டே கிருமிகொல்லும் புரதமொன்றை ஆக்குகிறதென 2006இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர்.

அப்படியாயின் குளிகையாலேயே சயரோகத்தைத் தடுக்கலாமே? மங்கோலியாவில் அதையே சோதித்தனர். 8,851 பள்ளிப் பிள்ளைகள். அநேகமாக எல்லோருக்கும் குறைபாடு. ஒரு சாராருக்கு வாரந்தோறும் மூன்றாண்டு விற்றமினும் மறுசாராருக்கு வெறுங்குளிகையும் கொடுத்தனர். 2020இல் முடிவு வெளிவந்தது. இரத்தத்தில் விற்றமின் ஏறிற்று, தொற்றோ குறையவில்லை.

குளிகை வீண் என்பதல்ல எம் வாதம். குறைபாடுள்ளோர்க்கு அது மருந்தே. தாய்ப்பாலில் இவ்விற்றமின் சொற்பம். ஆதலின் வைத்தியர் தேவையெனக் கண்டால், தோட்ட மருந்துச்சாலையிலேயே தாய்க்கும் சேய்க்கும் அது இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். அளவு மீறினால் கல்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும். கடைக்காரர் சொல் இதற்குப் போதாது.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. (கறுப்பங்கியுடன் கந்தோருக்குள் அடைபடும் எம் போன்றோர்க்கே பஞ்சம்!) பிள்ளைக்காம்பராவிலும் லயத்திலும் கிடக்கும் சிசுவின் வழக்கு வேறு. யன்னலற்ற பழைய லய அறையில், அடுப்புப் புகையின் நடுவே, ஒருவர் இருமிய காற்றையே வீட்டார் அனைவரும் சுவாசிக்கின்றனர். அங்கே குளிகை என்ன செய்யும்? கண்ணாடி யன்னல் வைத்தாலும் விற்றமின் தரும் கதிர் அதனூடே வாராது; யன்னல் காற்றுக்கு, வெயிலுக்கு முற்றம் வேண்டும்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தலைத் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. 1970களில் அரசும் 1992இல் கம்பனிகளும் தோட்டங்களைப் பொறுப்பேற்றன. அக்கடமையையும் சேர்த்தே ஏற்றனவா? ஊவா மாகாணச் சுகாதாரத் திணைக்களம் தோட்டந்தோறும் யன்னலற்ற அறைகளை எண்ணி, அத்தொகையை வெளியிடட்டும்.