வெளிநாட்டு ஏடிஎம்மில் 'ரூபாய்' பட்டனை அமுக்காதீங்க!

ராஜபாளையத்துக்காரர் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் இந்த இரண்டு நண்பர்களும் முதல் வெளிநாட்டுப் பயணமாக பாங்காக் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏர்போர்ட்டில் இறங்கியதும் கைச்செலவுக்குப் பணம் எடுக்க ஏடிஎம்மில் டெபிட் கார்டைச் செருகுகிறார்கள். திரையில் ஒரு கேள்வி வருகிறது: தாய்லாந்து பாட் கணக்கில் எடுக்கிறீர்களா, இந்திய ரூபாய் கணக்கிலா?

"நம்ம ரூபாயிலேயே காட்டுதுடா, அதையே அமுக்கு. எவ்வளவு போகுதுன்னாவது தெரியும்ல" என்கிறார் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், காசு கரைவதே அந்த ஒரு அமுக்கலில்தான்.

ரூபாயை அமுக்கினால் என்ன ஆகும்?

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். பாட்டை ரூபாயாக மாற்றும் வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ செய்யாமல், அந்த ஏடிஎம்மை நடத்தும் நிறுவனமே செய்கிறது. அது வைப்பதுதான் ரேட். அந்த ரேட்டுக்குள்ளேயே அதன் லாபமும் ஒளிந்திருக்கும். ரேட்டில் 8 சதவீதம் கூடுதலாக வைத்தால், 20,000 ரூபாய் எடுப்பவருக்கு 1,600 ரூபாய் போச்சு. ரூபாயில் கழித்தாலும் 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்று சொல்லித் தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகளும் உண்டு.

எனவே எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுக் கரன்சியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சில மெஷின்களில் 'கன்வெர்ஷன் வேண்டாம்' என்ற பட்டனாக இது வரும். அதை அமுக்கினால் பணமே வராதோ என்று பலர் பயப்படுகிறார்கள். வரும். ரேட்டை மட்டும் கார்டு நெட்வொர்க் போடும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

வேறு என்னென்ன பிடிப்பார்கள்?

பல இந்திய டெபிட் கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5 சதவீதம். 20,000 ரூபாய்க்கு 700 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். மொத்தம் 826. இதுபோக, ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் சொந்த வங்கி ஒரு நிலையான கட்டணம் வாங்கும். அந்த ஊர் ஏடிஎம்மும் தன் பங்குக்கு வாங்கும். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுகளுக்கு இது 220 பாட் அல்லது அதற்கு மேல். நம் காசில் ஐநூறு ரூபாயைத் தாண்டும்.

ஆயிரம் பாட் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் இந்த 220 மாறாது. 'பத்திரமா இருக்கட்டும்' என்று நான்கு தடவையாகப் பிரித்து எடுப்பவர், ஒரே தடவையில் எடுப்பவரைவிட 660 பாட் கூடுதலாகத் தருகிறார். பேலன்ஸ் பார்ப்பதற்குக்கூடக் காசு பிடிக்கும் வங்கிகள் உண்டு.

கிரெடிட் கார்டில் பணம் எடுப்பது இன்னும் மோசம். தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது.

ஊரில் இருந்து கிளம்பும் முன்

* வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு வசதியை நாம்தான் ஆப்பில் திறக்க வேண்டும். மறந்தவர்கள் கடைசியில் ஏர்போர்ட் கவுண்ட்டரில் சொன்ன ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு நிற்பார்கள்.

* மார்க்-அப் இல்லாத கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு கிடைக்குமா என்று விசாரிக்கலாம். ஃபாரெக்ஸ் கார்டில் எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்தக் கரன்சியை ஏற்றுவதே நல்லது. டாலரை ஏற்றி பாட்டில் செலவு செய்தால் அதற்கும் மாற்றுக் கட்டணம் விழும்.

* முதல் நாள் செலவுக்குக் கொஞ்சம் நோட்டு கையில் இருக்கட்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம்.

* மதுரையில் விமானம் ஏறி கொழும்பு போகிறவர்கள் யுபிஐ-யை மறக்க வேண்டாம். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் பல கடைகளில் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். ரொக்கத் தேவை குறையும்.

விலைப் பலகை எங்கே?

இத்தனை கணக்கையும் பயணி ஏன் போட வேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் அரைக் கிலோ கட்டச் சொல்வார்கள். வெளிநாட்டில் பணம் எடுப்பவருக்கோ, ஊர் திரும்பி ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் விலை தெரிகிறது.

வெளிநாட்டில் பணம் கொடுப்பதில் வங்கிக்கும் செலவு இருக்கிறது; கட்டணம் வாங்குவதில் தவறில்லை. அதை மறைப்பதுதான் தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி, இப்படி ரேட் மாற்றும்போது ஐரோப்பிய மத்திய வங்கி ரேட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் எடுப்பதற்கு முன்பே காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

தாய்லாந்து மெஷினை நம் ரிசர்வ் வங்கியால் கட்டுப்படுத்த முடியாது. இந்திய வங்கிகளைக் கட்டுப்படுத்த முடியும். ஆப்பில் வெளிநாட்டு வசதியை ஆன் செய்யும் அந்த நொடியிலேயே மார்க்-அப் எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று தமிழில், ரூபாய்க் கணக்கில் காட்டச் சொல்லலாம். 'ரூபாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள்' என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லலாம். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

அதுவரை அந்த வரியைப் பயணிகளே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்: திரை ரூபாயைக் காட்டினால், பக்கத்துப் பட்டனை அமுக்குங்கள்.