தெருவும் தண்ணீர் குடிக்க வேண்டும்

போன மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கோடையில் அதே தெருவில் போர் வற்றி, தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. முன்பு மண் தெரு. பிறகு கான்கிரீட் வந்தது. சேறு போயிற்று என்று சந்தோஷப்பட்டோம். மிச்சமிருந்த வாசலையும் சிமெண்ட் பூசி மூடினோம். நானும்தான் மூடினேன். 2003இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியபோது வீட்டில் தொட்டி வைத்த நாமேதான் தெருவின் வாயை அடைத்தோம்.

நான் ஆபீசில் ஃபைல் பார்த்த காலத்தில், சாலை எஸ்டிமேட்டில் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். பெய்கிற மழை எங்கே போகும் என்று ஒரு வரி பார்த்ததாக ஞாபகம் இல்லை.

ஓசூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. தென்பெண்ணை பெங்களூருக் கழிவைச் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு வருகிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வரவேண்டியிருக்கிறது. நமக்கென்று மிஞ்சுவது தலைக்கு மேல் பெய்யும் மழைதான்.

பிளாஸ்டிக் சாலை இருக்கிறதே என்பார்கள். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டது அது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் அது உருகிப் போர்வைபோல் ஒட்டிக்கொள்ளும்; பிறகு தார் சேர்ப்பார்கள். ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். அருமையான வேலை. ஆனால் தண்ணீரை உள்ளே விடாததுதான் அந்தச் சாலையின் பெருமை. குப்பை தீரும், போர் நிறையாது.

நமக்கு வேண்டியது வேறு. நெதர்லாந்தில் ஸ்வோல்லே என்ற ஊரில் 2018இல் பழைய பிளாஸ்டிக்கால் 30 மீட்டர் சைக்கிள் பாதை போட்டார்கள். உள்ளே பொள்ளலான பலகைகள். மழை அதற்குள் இறங்கித் தங்கி, மெல்ல மண்ணுக்குப் போகும். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பழைய பிளாஸ்டிக்கில் ஓட்டைச் சட்டம் வார்த்து, அடியில் ஜல்லி பரப்பி, ஓட்டைகளில் சிறுகல் நிரப்பினால் போதும். ஆலைகள் நிறைந்த ஊரில் பிளாஸ்டிக்குக்கோ, கிரானைட் குவாரிகள் உள்ள மாவட்டத்தில் கல்லுக்கோ பஞ்சமில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். கன்டெய்னர் லாரி ஓடும் சாலைக்கு இது ஆகாது. மண் அடைத்தால் கழுவிவிட வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் தேய்ந்து துகளாகி மண்ணில் சேருமோ என்ற கவலை நியாயமானது. அதைச் சோதித்த பிறகே போடவேண்டும். அதனால் முதலில் பூங்கா, நடைபாதை, வண்டி நிறுத்தும் இடம் என்று சின்னதாகத் தொடங்கட்டும். நல்லதோ கெட்டதோ, இரண்டு மழையில் தெரிந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. அடுத்த மழைக்குள் என் வாசல் சிமெண்டை உடைத்து ஜல்லி போடப்போகிறேன். கோலத்துக்கு மட்டும் நாலடி விடச்சொல்லி வீட்டில் உத்தரவு.