பிஸ்கட் டின்னில் இருந்த தாள்கள்



சென்ற மாதம் இனிப்பு நீர் சிறப்பிதழ் கொண்டுவந்தோம், நினைவிருக்கும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று பச்சையிலும் சிவப்பிலும் கட்டங்கள். பாராட்டிப் பேசியவர்கள் நிறைய. நாங்களும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தோம்.

அப்போது மேருவிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். பல வருட வாசகி. "புஸ்தகம் நல்லா இருக்குங்கய்யா. ஆனா எங்க வீட்டுல இனிப்பு நீர் எனக்கு இல்ல, அவருக்கு. அவருக்குக் கண்ணு போய் ஆறு வருசமாச்சு. யாரு படிக்கிறது?"

"நீங்கள் படித்துச் சொல்லலாமே அம்மா" என்றேன், சட்டென்று.

"நான் படிச்சா அது பாடமா இருக்காதுங்கய்யா. திட்டுறேன்னு நெனச்சுக்குவாரு."

எனக்குப் பதில் வரவில்லை. உங்களில் யாருக்காவது வந்திருக்குமா? அடுத்த சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து ஜாலான் மேரு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன்.

தாமானில் ஒரு மாடி வீடு. ஐயா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எனக்குப் டின் பால் தாராளமாக ஊற்றிய தேயும், அவருக்குத் தே ஓ கோசோங்கும் வந்தன. கிளாஸைக் கையில் வாங்கியதுமே, "மாத்திக் குடுத்துடப் போறா, மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பேன்" என்று சிரித்தார்.

பிறகு அலமாரிக்குக் கீழே கைவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. கிளினிக்கில் கொடுத்த தாள்கள், மருந்துப் பெட்டிக்குள் இருந்த மடித்த காகிதங்கள், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் சிறப்பிதழ். ஒவ்வொன்றையும் விரலால் தடவிச் சொன்னார். "இது மிஸ்ஸி குடுத்தது, வழவழன்னு இருக்கும், சாப்பாடு படம் போட்டதாம். இது காலைப் பத்தினது, ஓரம் கிழிஞ்சது. இது ஊசி மருந்துக்குள்ள இருந்தது, எட்டா மடிச்சிருக்கும்."

எந்தத் தாள் எது என்று அவருக்குத் தெரிகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது. ஆனாலும் ஒன்றைக்கூட அவர் தூக்கி எறியவில்லை, பாருங்கள்.

கொடுத்த மிஸ்ஸிமேல் நான் குறை சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கே வரிசை கட்டும் கிளினிக்கில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேச முடிந்தாலே பெரிது. மீதியைத் தாளில் கொடுத்தனுப்புகிறார்கள். தாளில் இருப்பது கண்ணுள்ளவருக்கான பாடம். இனிப்பு நீரோ கண்ணையே பறிக்கும் நோய். அது முற்றிய இடத்தில்தான் பாடம் அதிகம் தேவைப்படுகிறது. தாளைப் படிக்க முடியாமல் போவதும் அதே இடத்தில்தான்.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று தள்ளிவிட முடியுமா? சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் அளவு 15.6 ஆகக் குறைந்தது, நல்ல செய்திதான். ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை எடுத்து முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்களேன். ஆய்வே தேவைப்படாது.

ஐயாவிடம் கேட்டேன், கண் மங்க ஆரம்பித்தது தெரியவில்லையா என்று. "வலிச்சிருந்தா போயிருப்பேன்யா" என்றார். வலிக்காது. அதுதான் இதில் உள்ள சூது. விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் உள்ளே கசிந்து, அடைத்து, புதிதாக முளைத்து உடையும்வரைகூடப் பார்வை நன்றாகவே இருக்கலாம். டைப் 2 இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்ன உடனே ஒரு முறை, அதன்பின் அவர் குறித்துக் கொடுக்கும் இடைவெளியில், பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை, விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஆரம்பத்தில் பிடித்தால் லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைக் காப்பாற்றும். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அதனால் மோட்டாரில் தனியாகப் போகாதீர்கள், மகனைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த வரிகளைப் படிக்க முடிகிற உங்களுக்காகச் சொன்னேன். மறுபடி ஐயாவிடம் வருவோம்.

பத்து மணிக்குப் பிந்திய பசியாறல். அதற்கு முன் அவர் இன்சுலின் போட்டுக்கொண்டார். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைக் காதருகே வைத்து, "டிவியைக் கொறை" என்று சத்தம் போட்டார். பிறகு அடிமுனையைத் திருகினார். டிக், டிக், டிக். ஒரு யூனிட்டுக்கு ஒரு டிக். உதடு அசைய எண்ணி, வேண்டிய எண்ணிக்கை வந்ததும் நிறுத்தினார். நடுவில் வாசலில் ஒரு மோட்டார் கடந்துபோனது. எண்ணிக்கை தவறிவிட்டது. சலிக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து தொடங்கினார். முடித்ததும் பேனாவை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா சின்ன ஜன்னலில் தெரிந்த எண்ணைப் பார்த்து, "சரி" என்றார்.

அந்தச் "சரி" முக்கியம். வெறும் டிக் சத்தத்தை நம்பி அளவு வைக்காதீர்கள் என்று பேனாவோடு வரும் காகிதத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. எட்டாக மடித்த அதே காகிதம்.

அவரிடம் இரண்டு பேனாக்கள். ஒன்று சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான மருந்து, மற்றது இரவில் போடும் நிதானமான மருந்து. நிறம்தான் வித்தியாசம். நிறம் தெரியாதவர் என்ன செய்வார்? பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் வேலை செய்யும் பார்வையற்ற நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம், வேகமான பேனாவில் ரப்பர் பேண்ட் சுற்றச் சொல்லி. நல்ல யோசனை. ஆனால் ஓர் இரவு ரப்பர் பேண்ட் மக்கி அறுந்து விழுந்திருக்கிறது. நிதானமானது என்று நினைத்து வேகமானதைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நள்ளிரவில் சட்டை நனைய வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். அந்த அம்மா மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பார்த்து, மறுபடி கொடுத்து, விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். இன்று அந்தப் பேனாவில் துணிப் பிளாஸ்டர் மூன்று சுற்று.

சீனியைக் கரைக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "ரேடியோவுல கேட்டேன்" என்றார் அந்த அம்மா. எங்கள் சிறப்பிதழிலும் அது இருந்தது, பதினான்காம் பக்கத்தில், சிவப்புக் கட்டத்துக்குள்.

பார்வையற்றவர் என்றதும் நம்மில் பலருக்கு உடனே பிரெயில்தான் நினைவுக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்களுக்குக் காரணம் தெரியும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள், நடைபாதையில் புடைத்த மஞ்சள் கற்கள், அந்தக் கற்களின் மேலேயே நிறுத்தி வைத்த மோட்டார்கள். (கடைசியாகச் சொன்னதற்கு நம் ஆள்களும் ஒரு காரணம், ஒப்புக்கொள்வோம்.) சிறு வயதிலேயே பிரெயில் கற்றவருக்கு அது பெரிய துணை. ஆனால் ஐம்பது வயதில் இனிப்பு நீரால் பார்வை போனவருக்கு? புதிதாக ஓர் எழுத்து முறையைக் கற்க வேண்டும். அதற்கு விரல் நுனி கூர்மையாக இருக்க வேண்டும். இனிப்பு நீர் நரம்பையும் விடுவதில்லை. முதலில் கால், பிறகு கை என்று மரத்துப் போகிறது. ரத்தம் எடுக்கத் தினமும் குத்துவதும் அதே விரல்களில்தான். இவர்களுக்குக் கைகொடுப்பது காதுதான்.

அமெரிக்காவில் பார்வையற்றோரே நடத்தும் தேசியச் சம்மேளனம் 'வாய்ஸ் ஆஃப் த டயபெட்டிக்' என்றோர் இதழை அச்சிலும் ஒலிநாடாவிலும் பல ஆண்டுகள் கொடுத்துவந்தது. கேசட் காலத்திலேயே! நம் கையில் வாட்ஸ்ஆப் இருக்கிறது. திரையில் உள்ளதைத் தமிழிலேயே படித்துச் சொல்லும் கைப்பேசி இருக்கிறது. மின்னல் எஃப்எம் காலையிலிருந்து இரவுவரை அடுப்படியில் ஒலிக்கிறது. நாட்டில் சட்டமும் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகவல் பெறுவதையும் சுகாதாரச் சேவை பெறுவதையும் உரிமை என்றே சொல்கிறது. சட்டம் சொல்வது நம் மேசைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். என் மேசைக்கும்தான்.

அலுவலகம் திரும்பியதும் சிறப்பிதழ்க் கட்டுரையை உரக்கப் படித்துப் பதிவு செய்யச் சொன்னேன். உதவி ஆசிரியர் தம்பி இரண்டாம் பத்தியிலேயே நிறுத்திவிட்டார். "அண்ணே, 'படத்தில் காண்க'ன்னு வருது, என்ன பண்றது?" பதினொரு இடங்களில் அப்படி வந்தது. 'இதோ இவ்வளவு', 'மேலே உள்ளபடி', 'சிவப்பில் காட்டியவை'. கண்ணை மூடிக் கேட்டால் எல்லாம் வெற்றிடம். சத்தமாகப் படித்தால் மட்டும் போதாது, மறுபடி எழுத வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

உதாரணத்துக்கு, அரசாங்கம் சொல்லும் சுக்கு-சுக்கு-செப்பாரோ தட்டு. கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். படமாக அழகாக இருக்கும். காதுக்கு எப்படிச் சொல்வது? பார்வையற்றோருக்குத் தட்டைக் கடிகாரமாகச் சொல்லிப் பழக்கும் முறை ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை காய்கறி, பழம். ஆறிலிருந்து ஒன்பது வரை சோறு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மீன். கையால் தொட்டால் இடம் தெரிந்துவிடும். (கிள்ளான் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு வேறு வழி யோசிக்கிறோம்.)

இந்த இதழிலிருந்து உடல்நலப் பக்கம் ஒவ்வொன்றும் ஒலியாகவும் வரும், காதுக்கென்றே எழுதியதாக. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று கண்ணாடியைத் தேடும் மற்ற வாசகர்களும் கேட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கிளினிக்கில் மிஸ்ஸி பேசும்போது அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரிடமே நேராகப் பேசச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கும் உங்களிடம் அல்ல. அவர் பாதத்தைத் தினமும் நீங்கள் ஒரு முறை பாருங்கள், விரலிடுக்கு உட்பட. மரத்த காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது, ரத்தம் வந்தாலும் பார்க்க முடியாது.

முதல் பதிவை மேருவுக்கே எடுத்துப் போனேன். ஐயா கைப்பேசியைக் காதில் வைத்து முழுவதும் கேட்டார். தட்டு வந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். எதிரே இருந்த காலித் தட்டில் விரலை ஆறில் வைத்து, ஒன்பதுக்கு நகர்த்திப் பார்த்தார். "இவ்வளவுதானா சோறு?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இதையேதான நானும் இத்தனை வருசமா சொல்றேன்?"

"இது கத்தலையே" என்றார் ஐயா.